வெண்ணெய்க்கு ஒரு நீதி, இலைக்கு ஒரு நீதியா?

ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒட்டுப்பாலைப் பற்றிச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. விடியற்காலையில் மரத்தை வெட்டி, சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகும், சிரட்டையின் அடியிலும் மரத்தின் வெட்டுத் தடத்திலும் கொஞ்சம் பால் உறைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். மறுமுறை வெட்டப் போகும்போது அதையும் உரித்தெடுத்து நிறுத்துக் கொடுக்கவேண்டும். எட்டியாந்தோட்டையிலும் தெஹியோவிட்டையிலும் தெரணியகலையிலும் தலைமுறை தலைமுறையாக இதுதான் நடைமுறை. தோட்ட நிர்வாகத்தின் கணக்கில் மிச்சம் என்று ஒன்று உண்டு. கழிவு என்று ஒன்று கிடையாது.

இந்தக் கட்டுரை வேறொரு மிச்சத்தைப் பற்றியது.

சில மாதங்களுக்கு முன் கொழும்பில், படித்த நடுத்தர வர்க்கத்துக் குடும்பமொன்றின் விருந்தில் கலந்துகொள்ள நேர்ந்தது. அங்கே ஓர் இளைஞர், வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர், தமது சிக்கனத்தைப் பற்றி மிகுந்த உற்சாகத்தோடு பேசினார். அவர் கஞ்சாவைச் சுருட்டிப் புகைப்பதில்லையாம். எரிக்காமல் சூடாக்கி ஆவியை மட்டும் உறிஞ்சும் சிறு மின்கருவி வைத்திருக்கிறாராம். ஆவி போன பின் பழுப்பேறி நிற்கும் இலையை அவர் எறிவதில்லை. கண்ணாடிப் போத்தலில் சேர்த்துவைத்து, போத்தல் நிறைந்ததும் வெண்ணெயில் இட்டு மெல்லிய சூட்டில் காய்ச்சி வடித்து, அதில் பிஸ்கட் சுடுகிறார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்; சிலர் செய்முறை கேட்டார்கள். அவர் பேச்சில் குற்ற உணர்ச்சியோ பயமோ இருக்கவில்லை. நல்ல சமையற்காரனின் பெருமிதம் மட்டுமே இருந்தது.

நாம் அப்போது வேறொரு பையனை நினைத்துக்கொண்டோம். கேகாலை மாவட்டத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டும் தாய்க்குப் பிறந்தவன். பஸ் நிறுத்தத்தில் அவன் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியளவு கூட இல்லாத ஒரு காகிதச் சுருள் எடுக்கப்பட்டது. அன்றிரவு அவன் பொலிஸ் கூண்டில் இருந்தான். வழக்கு முடிந்தபோது தாயின் காதில் தோடு இருக்கவில்லை. அபராதத்துக்கும் வழக்கறிஞர் கூலிக்கும் அது அடகுக் கடைக்குப் போய்விட்டது. பையன் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை.

இருவரும் ஒரே நாட்டின் குடிமக்கள். இருவர் கையிலும் இருந்தது ஒரே இலை. சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் இருவர் செய்ததும் குற்றமே. 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சு, அபின், அபாயகரமான மருந்துகள் கட்டளைச் சட்டம் புதிய இலைக்கும் மிச்ச இலைக்கும் பேதம் காண்பதில்லை. இலைக்கும் அதைக் காய்ச்சி எடுத்த சாரத்துக்கும் பேதம் காண்பதில்லை. ஆனால் பொலிஸ் வண்டி எந்த வாசலில் நிற்கிறது, எந்த வாசலைக் கடந்து போகிறது என்பதில் மட்டும் பேதம் இருக்கிறது. நாம் பேச வந்தது இந்தப் பேதத்தைப் பற்றியே.

முதலில் அந்த வெண்ணெயைப் பற்றிய உண்மையைச் சொல்லிவிடுவோம். மூடி வைத்த உண்மையின் மேல்தான் வதந்தியும் வியாபாரமும் முளைக்கின்றன.

பறித்த கொழுந்து தேநீருக்கு உதவாது. அதை வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, சூட்டில் உலர்த்திய பின்பே அது தேயிலையாகிறது. இரசாயனம் வேறு என்றாலும் கஞ்சாவிலும் சூடுதான் மாற்றத்தைச் செய்கிறது. பச்சை இலையில் போதை தரும் பொருள் பெரும்பாலும் அமில வடிவத்தில் கிடக்கிறது; அந்த வடிவத்தில் அது மூளையை மயக்குவதில்லை. சூடு பட்டதும் அமிலம் கரியமில வாயுவை இழந்து, டெட்ராஹைட்ரோகன்னாபினோல் என்னும் போதைப் பொருளாகிறது. 1964இல் ரஃபேல் மெக்கூலம், யெஹியேல் கவோனி என்ற இரு இஸ்ரேலிய விஞ்ஞானிகள் அதைத் தனியே பிரித்து அதன் அமைப்பைக் கண்டுசொன்னார்கள். இப்பொருள் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும்.

மின்கருவி இலையை ஏறத்தாழ 180 முதல் 210 பாகை வரை சூடாக்குகிறது. போதைப் பொருளில் பெரும்பங்கு ஆவியாகிப் போகிறது. ஒரு பங்கு, சிரட்டையில் ஒட்டிய பாலைப் போல, இலையிலேயே தங்கிவிடுகிறது. அது ஏற்கெனவே சூடு பட்டு மாறிய பொருள். ஆகவே மீண்டும் வறுக்கத் தேவையில்லாமல் வெண்ணெய் அதை இழுத்துக்கொள்கிறது. அந்த இளைஞரின் வித்தையெல்லாம் இவ்வளவுதான்.

இந்த வித்தையை அவர் அமெரிக்காவிலிருந்து வந்த புதுமை என்று எண்ணியிருந்தார். நம்மவர்களின் அடிமைப் புத்திக்கு இது ஓர் உதாரணம். 1839இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஓ'ஷாக்னஸி, கஞ்சாவைப் பற்றி எழுதிய ஆய்வில் ‘மாஜூன்’ என்னும் இனிப்பை விவரித்திருக்கிறார். இலையை நெய்யும் தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சி, சாரத்தை ஏற்ற நெய்யை வடித்து, பாலும் சர்க்கரையும் கூட்டிச் செய்யும் பண்டம் அது. ஐரோப்பிய மருத்துவம் கஞ்சாவைக் கற்றுக்கொண்டதில் கல்கத்தாவின் கடைத்தெரு இனிப்புக்காரருக்கும் பங்குண்டு. நமது சித்த வைத்தியர்களும் ஆயுர்வேத வைத்தியர்களும் இலையைப் பாலில் வேகவைத்துக் கழுவி, நெய்யில் வதக்கிச் சுத்தி செய்து, லேகியத்தில் அளவோடு சேர்த்தார்கள். கொழுப்பில்தான் அது இறங்கும் என்பதை இரசாயனக்கூடம் இல்லாமலே அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். அனுபவ அறிவுக்குச் சொந்தக்காரர்கள் பெயரில்லாத மக்கள். அந்த மக்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று சட்டைப்பை சோதிக்கப்படுகிறவர்கள்.

வெள்ளைக்காரன் இதைப் பற்றி என்ன நினைத்தான் என்பதும் பதிவாகியிருக்கிறது. 1893–94இல் பிரிட்டிஷ் இந்திய அரசு அமைத்த சணல் போதைப்பொருள் ஆணைக்குழு ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. நம் முன்னோர் தோட்டங்களுக்குப் புறப்பட்டு வந்த சென்னை மாகாணமும் அந்த விசாரணையில் அடங்கியிருந்தது. மிதமான பாவனையால் பெரிய தீங்கில்லை, மிதமிஞ்சினால் தீங்கு உண்டு, முழுத் தடை வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் போதும் என்று அது முடிவு கூறியது. இந்தியாவில் இன்றும் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கஞ்சாவின் பூந்தலையையும் பிசினையும் தடுக்கிறதேயன்றி, தனி இலையை அந்த வரையறையிலிருந்து விலக்கிவைத்திருக்கிறது. வடநாட்டில் உரிமம் பெற்ற கடைகளில் பாங்கு விற்கிறார்கள். பாக்கு நீரிணைக்கு அப்பால் பண்டிகைப் பானமாக இருப்பது இப்பால் குற்றப் பத்திரிகையாகிறது. அறம் கடலைக் கடக்கும்போது நிறம் மாறுமா என்ன?

1925இல் ஜெனீவாவில் நிறைவேறிய சர்வதேச உடன்படிக்கை இந்தியச் சணலையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. நான்கு ஆண்டுகளில் இலங்கையின் கட்டளைச் சட்டம் வந்தது. இதே குடியேற்ற ஆட்சிதான் 1912இல் மதுவரிக் கட்டளைச் சட்டத்தையும் கொண்டுவந்தது. சாராயத் தவறணைக்கு உரிமம், கஞ்சாச் செடிக்குத் தடை! சாராயம் மக்களின் ஈரலை அரிக்கவில்லையா? மனைவியின் முதுகில் பிரம்பாக இறங்கவில்லையா? இறங்கியது. ஆனால் அது கருவூலத்தையும் நிரப்பியது. ஆகவே அது ஒழுக்கத்துக்குக் குறைவில்லாத பானமாயிற்று. சுதந்திரம் வந்தது, கொடி மாறியது, இந்தக் கணக்கு மாறவில்லை. சம்பள நாளன்று எந்தத் தோட்டத்துக் கடைவீதிக்கும் போய்ப் பாருங்கள். கொழுந்துக் கூடை சுமந்த தோளின் கூலி எந்தக் கல்லாவில் விழுகிறது என்பது தெரியும்.

மிச்சத்துக்கு வருவோம். நமது அரசும் ஒரு மிச்சக் கணக்கு வைத்திருக்கிறது. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம், பதிவுபெற்ற வைத்தியர்கள் மருந்துக்காகக் கஞ்சாவைப் பெற வழி செய்தது. செடியை வளர்க்கத் தடை. மருந்துக்கு மட்டும் அனுமதி. அப்படியானால் இலை எங்கிருந்து வரும்? பொலிஸார் கைப்பற்றி நீதிமன்றத்தில் வழக்குப் பொருளாக வைத்த கஞ்சாவிலிருந்து வரும். அது ஆண்டுக்கணக்கில் கிடந்து வீரியம் இழந்துவிடுகிறது என்று 2017இல் அன்றைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்னவே குறைபட்டு, இங்கிரியவில் 100 ஏக்கரில் அரசே பயிரிடும் யோசனையை முன்வைத்தார். ஆக, தோட்டத்துப் பையனின் சட்டைப்பையில் இருக்கும்போது குற்றம். நீதிமன்ற அறையில் இருக்கும்போது சாட்சி. வழக்கு முடிந்து நெய்யில் விழும்போது மருந்து! கொழும்பு இளைஞர் தமது போத்தலில் செய்வதை அரசாங்கம் பெரிய பாத்திரத்தில் செய்துவந்திருக்கிறது.

இதற்கும் மேலான வேடிக்கை பின்னர் வந்தது. நாடு கடனில் மூழ்கி, டொலருக்கு வழியில்லாமல் தவித்த 2022 நவம்பரில், அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிடுவதை ஆராய ஒரு நிபுணர் குழுவை முன்மொழிந்தது. 2025 ஆகஸ்டில் மீரிகமவில் 64 ஏக்கரில், வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு, ஏற்றுமதி மருந்துக்காக மட்டும் பயிரிட இடம் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. மீரிகம எங்கே இருக்கிறது? கம்பஹா மாவட்டத்தின் ஓரத்தில், கேகாலை மாவட்டத்து வறக்காப்பொலைக்கு அண்டையில்! வேலியின் ஒரு பக்கம் அந்நியச் செலாவணி. மறுபக்கம் அபராதச் சீட்டு.

செடியை மருந்தென்று ஏற்பதை நாம் எதிர்க்கவில்லை. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் ஆணைக்குழுவே, மிகக் கொடிய பொருள்களுக்கான நான்காம் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கியது. வலிப்பு நோய்க்கும், புற்றுநோய் மருந்தால் வரும் குமட்டலுக்கும் அதன் சாரங்கள் பயன்படுகின்றன. நாம் கேட்பது இதுதான்: 1929இல் வெள்ளைக்காரன் விதித்த தடையை வெளிநாட்டு முதலுக்காகத் தளர்த்தத் தெரிந்த கைக்கு, சொந்த நாட்டு ஏழையின் சட்டைப்பைக்காகத் தளர்த்த ஏன் தெரியவில்லை?

2023 டிசம்பரில் ‘யுக்திய’ என்ற பெயரில் பெரும் பொலிஸ் வேட்டை தொடங்கியது. பல்லாயிரக்கணக்கானோர் கைதானார்கள். அடுத்த மாதமே ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் அதை இடைநிறுத்தி மீளாய்வு செய்யும்படி கேட்டார்கள். ஹெரோயினையும் ஐஸையும் கப்பல் கணக்கில் இறக்கும் பெருமுதலைகளைப் பிடிப்பதில் எமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் சிறைச்சாலைக்குள் எட்டிப்பாருங்கள். தண்டனை பெற்று உள்ளே போகிறவர்களில் பெரும் பகுதியினர் அபராதம் கட்டப் பணமில்லாமல் போகிறவர்கள். பணமிருந்தால் அபராதம், இல்லாவிட்டால் சிறை என்றால், அங்கே தண்டிக்கப்படுவது குற்றமா, வறுமையா? நாட் கூலி ஆயிரம் ரூபாயாக வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் கத்தி, 2021 மார்ச்சில்தான் அதைக் கண்ட மக்கள் இவர்கள். 2024 செப்டெம்பரில் அது 1,350 ஆயிற்று. அதன் பின் பேசப்பட்ட உயர்வும் நூறுகளில் அளந்த உயர்வுதான். இந்தக் கூலியில் ஒரு வழக்கைச் சுமப்பது எப்படியென்று கனவான்கள் கணக்குப் போட்டுக் காட்டட்டும்.

மிச்சம் என்ற சொல் இந்த மக்களுக்குப் புதிதல்ல. 1948இல் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிஞ்சிய 1,50,000 மனிதரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்து அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தபோது ஓடியவர்களும் இவர்களே. ஒட்டுப்பாலுக்குக் கணக்கு உண்டு, மனிதருக்கு இல்லை. இந்தச் சரித்திரத்தை மறந்துவிட்டு, தோட்டத்து இளைஞன் ஏன் மயக்கத்தைத் தேடுகிறான் என்று உபதேசிக்க வருபவரிடம் நமக்குப் பேச எதுவுமில்லை.

இனி எமது பக்கத்து நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. “அப்படியானால் நீங்கள் கஞ்சாவுக்குக் கொடி பிடிக்கிறீர்களா?” என்று சிலர் கேட்பார்கள். இல்லை. போதை எந்த வடிவில் வந்தாலும் அது உழைப்பவனின் கோபத்தைத் தூங்கவைக்கும் தாலாட்டு. விழித்திருக்கும் தொழிலாளியே சங்கம் கட்டுவான். ஆனால் பொய் சொல்லி ஒருவனை விழிக்கவைக்க முடியாது.

கொழும்பு இளைஞரின் வெண்ணெயிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. விருந்தில் அதை யாரும் கேட்கவில்லை. மிச்ச இலையில் எவ்வளவு மிஞ்சியது என்பதை வீட்டு அடுப்பங்கரையில் அளக்க வழியில்லை. கருவியின் சூடு, உறிஞ்சிய நேரம், இலையின் தரம் எல்லாவற்றையும் பொறுத்து அது மாறும். இன்றைய பிஸ்கட்டில் ஒன்றுமே இராது. நாளைய பிஸ்கட்டில் தாங்கமுடியாத அளவு இருக்கும். ஆவியாக உள்ளே போனால் சில நிமிடங்களில் தெரியும். தின்றால் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. “வேலை செய்யவில்லை” என்று இன்னொன்றைத் தின்பான். பிறகு இரண்டும் சேர்ந்து தாக்கும். ஈரலில் அது இன்னும் வலுவான பொருளாக மாறுவதால், மயக்கமும் நெஞ்சுப் படபடப்பும் பீதியும் பல மணி நேரம் நீடிக்கும். கனடாவில் கஞ்சா 2018இல் சட்டபூர்வமாயிற்று. மறு ஆண்டு தின்பண்டங்களும் அனுமதிக்கப்பட்டன. ஒரு பொதிக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போதைப் பொருள் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். அப்படி வைத்தும், நம்மவர் பலர் வாழும் ஒன்ராறியோ மாகாணத்தில், தெரியாமல் தின்று மருத்துவமனைக்கு வந்த சிறு குழந்தைகளின் தொகை பன்மடங்கு பெருகியது. பிஸ்கட்டின் மேல் அபாயக் குறி எதுவும் எழுதியிருப்பதில்லை. குழந்தைக்கு எல்லா பிஸ்கட்டும் பிஸ்கட்டே.

இந்த ஆபத்து கொழும்பு மாளிகையோடு நிற்பதில்லை. ‘மதன மோதகம்’ என்றும் லேகியம் என்றும் பெயரிட்டு, வைத்தியரின் அளவும் அறியாமல், பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் கடைகளில் இனிப்புருண்டை விற்ற செய்திகளை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். வளரும் மூளைக்கு இது கேடு. இளம் வயதில் அடிக்கடி, மிகுதியாக உட்கொள்வோருக்கு மனநோய் வரும் வாய்ப்பு கூடுகிறதென்று மருத்துவ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படிப்பட்ட கடைக்காரனை நாம் மன்னிக்கச் சொல்லவில்லை. பிள்ளையின் பசியையும் ஆர்வத்தையும் காசாக்குகிறவன் அவன். ஆனால் உருண்டையைத் தின்ற பிள்ளையைப் பாடசாலையிலிருந்து விரட்டுவது எந்த நியாயம்? விரட்டப்பட்ட பிள்ளை எங்கே போவான்? அதே கடைக்குத்தானே!

ஆசிரியத் தோழர்களே, இங்கேதான் உங்கள் பொறுப்பு தொடங்குகிறது. “தொட்டால் பைத்தியம், தின்றால் மரணம்” என்று வகுப்பில் பயமுறுத்துகிறோம். மாணவன் தொட்டுப் பார்க்கிறான், பைத்தியம் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து நாம் ஹெரோயினைப் பற்றிச் சொல்லும் உண்மையையும் அவன் நம்புவதில்லை. பொய்யான எச்சரிக்கை செய்யும் கேடு இது. மாறாக, சூடு பட்டால் என்ன மாறுகிறது, கொழுப்பில் ஏன் கரைகிறது, தின்றால் ஏன் தாமதமாகிறது, வளரும் மூளையை ஏன் கெடுக்கிறது என்று விஞ்ஞானப் பாடமாகச் சொல்லிப் பாருங்கள். கொழுந்து தேயிலையாவதைக் கண்ணால் கண்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். உங்களையும் என்னையும்விட விரைவாகப் புரிந்துகொள்வார்கள்.

அரசிடம் நாம் கேட்பதையும் சொல்லிவிடுகிறோம். சொந்தப் பாவனைக்கான சிறு அளவைச் சிறைக்குரிய குற்றமாக வைத்திருப்பதை விட்டுவிட்டு, வேண்டியவனுக்கு வைத்தியமும் ஆலோசனையும் கொடுங்கள். அந்த வைத்தியம் கொழும்பில் மட்டும் இல்லாமல் பலாங்கொடைக்கும் இறக்குவானைக்கும் எட்டியாந்தோட்டைக்கும், தமிழ் பேசும் ஊழியரோடு, வரட்டும். அபராதம் கட்ட முடியாத காரணத்துக்காக எவனையும் அடைக்காதீர்கள். செடி மருந்தென்றால் அதன் உரிமம் வெளிநாட்டு முதலுக்கு மட்டும் உரிய தனிச் சொத்தாக இருக்கக் கூடாது. அதைப் பயிரிடும் நிலமும் அதில் உழைக்கும் கைகளும் இந்நாட்டினுடையவை. கோப்பிக்கும் தேயிலைக்கும் ரப்பருக்கும் நேர்ந்தது நாலாவது பயிருக்கும் நேரவேண்டாம். பயிர் மாறி மாறி வந்தது. லயம் மட்டும் மாறவேயில்லை.

கொழும்பு இளைஞரை நாம் பொலிஸாரிடம் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. அவர் சிறைக்குப் போவதால் தோட்டத்துப் பையன் வெளியே வந்துவிடமாட்டான். ஒன்று மட்டும் சொல்வோம். ஐயா, உங்கள் சமையலறையில் நீங்கள் பயமில்லாமல் வெண்ணெய் காய்ச்சுகிறீர்களே, அந்தப் பயமின்மையை உங்களுக்குத் தந்தது உங்கள் புத்திசாலித்தனம் அல்ல, உங்கள் முகவரி. அதே பயமின்மை லயத்து வாசலிலும் நிற்கும் நாள் வரும்வரை, உங்கள் சிக்கனத்தைப் பற்றிப் பெருமை பேசாதீர்கள். போத்தலின் மூடியை இறுக்கி, வீட்டுக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பிறகு நேரம் கிடைத்தால், அந்தப் பையனின் வழக்குக்குச் சாட்சி சொல்ல ஒரு நாள் எங்களோடு கேகாலைக்கு வாருங்கள்.